இரண்டு வசனமும் கைவசம்

பக்திமான்களில் ஒரு தனி ரகம் உண்டு. 'வசன அண்ணன்' ரகம். வேதத்தில் முரண்பாடு இருக்கிறது என்று நீங்கள் சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் சமாதானம் சொல்லி முடித்திருப்பார்.

ஒரு பக்கத்தில், தந்திரக்காரர் போடும் திட்டங்களை ஆண்டவர் கலைத்துப்போடுவார் என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில், கெட்ட திட்டம் போட்டு ஜெயிக்கிறவனைப் பார்த்து எரிச்சல்படாதே என்று இருக்கிறது. எல்லாத் திட்டமும் கலைந்துவிடும் என்றால் ஜெயித்தவன் எங்கிருந்து முளைத்தான்? நீங்களும் நானும் இங்கே தலையைச் சொறிவோம். வசன அண்ணன் சொறிய மாட்டார். முதல் வசனம் தமக்கு, இரண்டாவது அடுத்தவருக்கு. தீர்ந்தது முரண்பாடு!

நாம் பார்க்கப்போகும் அண்ணன் ஒரு மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் மேற்பார்வையாளர். பேருந்தில் தமக்கு உட்கார இடம் கிடைத்தால் அது ஆண்டவரின் பாதுகாப்பு, பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியில் வழுக்கி விழுந்தால் அது பொறுமைக்கான பாடம், தாமே வழுக்கி விழுந்தால் மட்டும் அது யாரோ வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றிச் செய்த சதி. அதற்கும் ஒரு வசனம் உண்டு.

ஒரு நாள் காலையில் ஃப்ரேம் பொருத்துகிறவர் கண் கலங்கி வந்து நின்றார்.

"அண்ணே, என்னை ஊருக்கு வெளியே இருக்கிற கிடங்குக்கு மாத்திட்டாங்க. யாரோ போட்டுக் கொடுத்திருக்காங்க. வீடு பக்கத்துத் தெருவுல இருக்கிறதாலதான் மத்தியானம் ஓடிப்போய் பொண்டாட்டிக்கு மருந்து கொடுக்கிறேன். படுத்த படுக்கையா இருக்கிறவளுக்கு இனிமே யாரு கொடுப்பா?"

"தம்பி, கெட்டவன் திட்டம் பலிக்கத்தான் செய்யும். எரிச்சல்படாதே."

"எந்தத் திட்டமும் பலிக்காதுன்னு போன வாரம் சொன்னீங்களே?"

"அது கடைசியில. இது நடுவுல."

போட்டுக் கொடுத்தது யார்? வேறு யார், அண்ணன்தான். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தன் தம்பிக்கு ஒரு நாற்காலி பிடித்துக் கொடுங்கள் என்று மனைவி மூன்று மாதமாக அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். மச்சானுக்கு இடம் வேண்டுமே! "இவர் அடிக்கடி வீட்டுக்குப் போயிடறார் சார், கிடங்குல போட்டா ஒழுங்கா இருப்பார்" என்று மேனேஜர் காதில் மெல்லப் போட்டுவைத்தார். இது சதியா? சேச்சே. அடுத்தவன் போட்டால்தான் சதி. தாம் போட்டால் அதற்குப் பெயர் வழிநடத்துதல்.

அன்று மத்தியான இடைவேளையில், பெட்டிகள் அடுக்கிய அறையில் வழக்கம்போல ஜெபக் கூட்டம். ஃப்ரேம்காரர் எழுந்து நின்றார்.

"ஆண்டவரே, அண்ணன் சொல்லிக்கொடுத்த வசனத்தை நம்பிக் கேக்குறேன். எனக்கு எதிரா திட்டம் போட்டவன் யாரா இருந்தாலும் அதைக் கலைச்சுப்போடும்."

"ஆமென்!" என்றது ஒரு குரல், எல்லோருக்கும் முந்தி. இருபது வருஷப் பழக்கம்.

"அவன் முகத்திரையைக் கிழிச்சுப்போடும்."

"ஆமென்!"

"நான் தவிக்கிற மாதிரி அவனும் அவன் வீடும் தவிக்கட்டும்."

"ஆமெ..." பாதி ஆமென் தொண்டையிலேயே நின்றுகொண்டது.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு வேலை ஓடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த கண்ணாடியெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. அந்த வசனத்தில் காப்பாற்றப்படுகிற ஆள் தாம்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். அதிலே இன்னொரு ஆளும் இருக்கிறான், இப்போது அவன் இடத்தில்தான் தாம் நிற்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது. வேதத்தில் ஒரே ஒரு வசனமாவது பொய்யாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினார். பாவம், உண்மையாகவே நடுங்கிப்போனார்.

சாயங்கால மணி அடிப்பதற்குள் மேனேஜர் அறைக்கு ஓடினார்.

"அந்த மாற்றம் வேண்டாம் சார். அவர் இல்லேன்னா இங்க வேலை நடக்காது."

"நீங்கதானே கிடங்குக்கு அனுப்பச் சொன்னீங்க?"

"நான் சொன்னதை மறந்துடுங்க சார்."

மறுநாள் இடைவேளையில் ஃப்ரேம்காரர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "அண்ணே, கிடங்குக்குப் போக வேண்டாம்னுட்டாங்க. அவன் யாருன்னு தெரிஞ்சா நான் மன்னிச்சுடுவேண்ணே, சத்தியமா."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? அண்ணனின் நாக்கு நுனிவரை வந்தது. உதடும் அசைந்தது. பிறகு கனைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? கெட்டவன் திட்டம் கலைஞ்சு போச்சா இல்லையா? நான் சொன்ன வசனம்!"

அறையே அதிரும்படி எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் முகம் இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். 'இதை அவருக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும், அப்படியே அவருக்கென்று எழுதினதுபோல் இருக்கிறது' என்று கைகூடப் பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அண்ணனும் முதன்முதலில் இப்படித்தான் ஆரம்பித்தார்.