ஒட்டிய விரலுக்கு ஒரு திருத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன். விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் மானம் போய்விட்டது.

பேத்தி இரண்டு விரல் ஒட்டிப் பிறந்திருக்கிறாள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் ஊருக்கே தெரியும், ஊருக்குச் சொன்னவன் நான் என்று என் மகள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். நியாயத்தை நீயே சொல். "தோல்தான் ஒட்டியிருக்கு, எலும்பு தனித்தனியாத்தான் இருக்கு, ஒரு வயசு தாண்டினதும் பிரிச்சிடலாம்" என்று சொல்லி டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நான் தாளைப் படித்தேன். அதில் சின்டாக்டிலி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, அதுவும் ஒய் வர வேண்டிய இடத்தில் ஐ! ஆயுசு முழுக்க அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துச் சுழித்து, ஓரத்தில் முறையாகக் குறியும் போட்டேன். நர்ஸ் ஓடி வந்து, "ரிப்போர்ட்ல யாரு சார் கிறுக்கினது?" என்றாள். "கிறுக்கலம்மா, திருத்தியிருக்கேன்" என்றேன். வேறு தாள் எழுதி டாக்டர் கையெழுத்துப் போடும்வரை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். சம்பந்தியம்மா பையும் கூடையுமாக வராந்தாவில் சாயங்காலம்வரை என்னை முறைத்துக்கொண்டே நின்றார். இத்தனைக்கும் புதுத் தாளிலும் அதே ஐ.

சரி, பெற்றவள் பயந்து கிடக்கிறாளே, சொல் புரிந்தால் பயம் தெளியுமே என்று வீட்டுக்கு வந்து அகராதிகளை எல்லாம் இறக்கினேன். கிரேக்கச் சொல். சின் என்றால் சேர்ந்து, டாக்டிலோஸ் என்றால் விரல். ஆக, சேர்ந்த விரல், அவ்வளவுதான், இதில் அழ என்ன இருக்கிறது? சரியான எழுத்துக்கூட்டல், பொருள், மூலம் எல்லாவற்றையும் அழகாக எழுதிக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். நம் பெரியப்பா மகன், "பேர் புதுசா இருக்கு, கூப்பிடத்தான் வாய் வலிக்கும்" என்று வாழ்த்தினான். இன்னொருத்தர் அதை ஏதோ படிப்பென்று நினைத்து, எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். விளங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் மகளைக் கூப்பிட்டுத் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசியிருக்கிறார்கள். அதற்கு நானா பொறுப்பு?

"நானே இன்னும் யார்கிட்டயும் வாயத் திறக்கலப்பா. உங்களுக்குப் பொறந்திருக்கிறது பேத்தி, புது வார்த்தை இல்ல. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்று மகள் ஃபோனை வைத்துவிட்டாள். உன் அண்ணியோ, "நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவோடு தினமும் கிளம்பிப் போகிறாள். நாலு தெரு தள்ளி பேத்தி இருக்கிறாள், நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நல்லதுக்குக் காலமில்லை.

அத்தை நீ சொன்னால் என் மகள் தட்ட மாட்டாள். குழந்தையை ஒரு தடவை என் மடியில் கொடுக்கச் சொல். அந்த விரல்களைப் பற்றி உங்கப்பா அளவுக்கு அக்கறையாக யோசித்தவர் இந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் இல்லை என்று அவளிடம் எடுத்துச் சொல்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் வீட்டுக்காரரிடம் கோபமில்லாமல் விசாரித்ததாகச் சொல்லவும். அந்தக் கல்லூரிக் கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

இப்படிக்கு,
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகளே கூப்பிட்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குழந்தைக்கு எந்தக் கைப்பா?" என்றாள். அடுப்படி வாசலில் உன் அண்ணி ஒரு கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். எதிரே நின்றதால் அவளுக்கு வலதா எனக்கு வலதா என்று குழம்பிவிட்டது. "தெரியலம்மா" என்றேன். குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "வந்து பாருங்க" என்றாள். நீ யாரிடமும் தூது போக வேண்டாம். இதைக் கிழித்துப் போடலாம்தான், ஆனால் ஒரு பிழைகூட இல்லாத கடிதம், மனசு வரவில்லை. சட்டை மாட்டிவிட்டேன். பேனாவை உன் அண்ணி பிடுங்கி வைத்துக்கொண்டாள். பயமாக இருக்கிறது தங்கச்சி, அந்தக் கையை இனிமேல்தான் பார்க்கப் போகிறேன்.