ஆறாவது பாட்டில் பாடியது இயந்திரம் அல்ல

மட்டாஞ்சேரி,
திங்கட்கிழமை

ஆசிரியர் திரு. நல்லசிவம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் பழைய துறைமுக நிருபர் வெங்கிட்டராமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கங்காவும், எங்களை நம்பி வாழும் கொசுக்களும் சௌக்கியம். தாங்களும் குடும்பத்தாரும் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கொச்சித் துறைமுகத்தில் வெலிங்டன் தீவுக்கு எந்தக் கப்பல் வந்தது, எதை இறக்கியது என்று ஓய்வு பெறும்வரை நம் வாரப் பத்திரிகைக்கு எழுதியவன் நான். ஒருமுறை உரம் இறங்கியதைக் கோதுமை என்று எழுதிவிட்டு அடுத்த இதழிலேயே திருத்தம் போட்டோம், தங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பழக்கத்தை நம்பி இப்போது ஒரு திருத்தம் கேட்கிறேன்.

விஷயம் இதுதான். சென்ற இதழில் ஸாதனா என்ற பாடகியின் முதல் ஆல்பமான ‘ஈரம் போகாத துணி’ பற்றித் தங்கள் விமர்சகர் நிகில் எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. குறை சொல்ல ஒரே இடம்தான் உண்டு. ஆறாவது பாட்டைப் பற்றி அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: “பின்னணியில் ஒரு பெண்குரல் வார்த்தையில்லாமல் முனகிக்கொண்டே வருகிறது. இது கணினியில் உருவாக்கியது. பிறர் கேட்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாத இப்படியொரு குரல் மனிதருக்கு வாய்க்காது.” அந்தக் கணினி என் மனைவி. பெயர் கங்கா, வயது அறுபத்து மூன்று.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்கிறேன். ஸாதனா எங்கள் மாடியில் குடியிருக்கிறாள். எங்கள் வீடு ஒரு காலத்தில் இஞ்சியும் மிளகும் அடுக்கிய கிடங்கு. மாடித் தரை மரப்பலகை, பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும். மேலே ஒரு ஊசி விழுந்தால் கீழே நாங்கள் சாம்பாரில் தேட வேண்டும். தெருச்சத்தம் வராமல் இருக்க அந்தப் பெண் ஜன்னலுக்கெல்லாம் மெத்தையைக் கட்டி, கதவிடுக்கில் துணியை அடைத்து, அங்கேயே உட்கார்ந்து ஆல்பத்தைப் பதிவு செய்தாள். தரையை மறந்துவிட்டாள். தரைக்கு நேர்கீழே எங்கள் சமையலறை. அவள் பாடுவது பக்திப்பாட்டும் அல்ல, சினிமாப் பாட்டும் அல்ல. ராக் என்கிறாள். கிடாரை அடித்துக்கொண்டு தன்னைப் பற்றியே பாடுகிறாள்: யாரை விட்டு வந்தாள், யாரிடம் பொய் சொன்னாள், எந்தெந்தக் காலையில் எழுந்திருக்கவே பிடிக்காமல் கிடந்தாள் என்று ஒன்று விடாமல். எழுதுவது தமிழில், ஆனால் மலையாள எழுத்தில். பள்ளியில் அதைத்தான் கற்றாளாம்.

பதிவு முடிந்த பிறகு ஒரு நாள் கீழே இறங்கி வந்தாள். “மாமி, ஆறாவது பாட்டுல நீங்களும் வந்துட்டேள். வேண்டாம்னா எடுத்துடறேன்” என்றாள். கங்கா அரிவாள்மணையிலிருந்து தலை நிமிராமலே “இருக்கட்டும்” என்றாள். அன்று ரசத்தில் உப்பு இரண்டு முறை விழுந்தது. வரும் சனிக்கிழமை தீவில் ஒரு பழைய கிடங்கில் நடக்கும் கச்சேரிக்கு மாமியும் வர வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து அதே போல முனக வேண்டும் என்று பிறகு கேட்டாள். கங்கா மேடை ஏறியவள் அல்ல. கல்யாணமான நாள் முதல் என் எதிரில் பாடியவளும் அல்ல. முடியாது என்றாள், யோசிக்கிறேன் என்றாள், முட்டி வலி என்றாள், கடைசியில் நாற்காலி போட்டால் வருகிறேன் என்றாள். பீரோவிலிருந்து அரக்குப் புடவை வெளியே வந்தது. ரவிக்கையைத் தையல்காரி அமுதவள்ளியிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்தாயிற்று. அந்த நேரத்தில்தான் தங்கள் இதழ் வந்தது. படித்தாள், நாலாக மடித்தாள். “மெஷினாக்கும் பாடினது. சனிக்கிழமை மெஷினையே கூட்டிண்டு போகட்டும்” என்றாள். புடவை உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அதற்கு முன்பு அங்கே வேறொன்றும் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

ஆதாரம் இல்லாமல் திருத்தம் கேட்பது நம் வழக்கமல்ல. ஆகவே ஆல்பத்தை முதலிலிருந்து கேட்பது என்று முடிவு செய்து, ஸாதனாவின் ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு, வாசல் அறை ஜன்னலருகே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். தப்பு அங்கேதான் நடந்தது. தொலைபேசியில் செய்தி வாங்கிய நாளில், எதிர்முனையில் சொல்வதை நாம் ஒவ்வொரு வரியாக உரக்கத் திருப்பிச் சொல்லி, சரி என்று கேட்ட பிறகுதான் எழுதுவோம். கோதுமை விவகாரத்துக்குப் பிறகு நான் அதில் ஒருநாளும் தவறியதில்லை. இந்தப் பாட்டுகளையும் என்னை அறியாமல் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். ஹெட்போன் மாட்டியவனுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. ஆக, “உன் சட்டையை இன்னும் திருப்பித் தரவில்லை”, “அவளுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது”, “நாளைக்கு இந்த வீட்டை விட்டுப் போகிறேன், இன்றே சொல்லிவிட்டேன்” என்றெல்லாம் நான் ஜன்னல் வழியாகச் சந்து முழுவதற்கும் அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எதிர்வீட்டில் துணி தேய்க்கும் மாயம்மாள், விருதுநகர்ப் பக்கத்துக்காரி, பெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகக் கங்காவிடம் ஓடி வந்திருக்கிறாள். “யக்கா, ஐயாவுக்கு என்னாச்சு? யாரு சட்டையவோ வச்சிருக்காராம், குடுக்க மாட்டாராம். நாளைக்கு வீட்ட விட்டுப் போறேன்னு சன்னல்ல நின்னு ஊருக்கே சொல்லுதாரு!” கங்கா அலட்டிக்கொள்ளவில்லையாம். “நாளைக்கா? நாளைக்குக் காலம்பற அவருக்குப் பல் டாக்டர்ட்ட போணும். போயிட்டு வந்து போகச் சொல்லு” என்றாளாம். அதற்குள் முனைச் சாயாக்கடை அனில் கையில் கிளாஸோடு என் ஜன்னலுக்கு வந்துவிட்டார். அவர் சொன்னதை மாயம்மாள்தான் பிறகு எனக்குச் சொன்னாள். “சேட்டா, மனசில உள்ளத எல்லாம் சொல்லியாச்சுல்லே? மதி, போதும். இனி சாயா குடிக்கணும். இந்தப் பிராயத்தில வீடு விட்டு எங்க போகும்?” என்று கேட்டபடி என் தோளைப் பிடித்திருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் மூன்றாவது பாட்டில் ஓடிக்கொண்டிருந்த வரியை நான் திருப்பிச் சொன்னேன்: “நீ தொட்ட இடமெல்லாம் எரிகிறது.” அனில் கையை எடுத்தவர்தான். இப்போது என்னைக் கண்டால் கிளாஸைத் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

பாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு இந்த இசையில் பயிற்சி இல்லை. முதல் இரண்டு பாட்டுகளில் கிடார் ஏதோ தகரத்தை இழுப்பது போலத்தான் இருந்தது. நான்காவது பாட்டில், “நான் போன பிறகும் என் செருப்பு உன் வாசலில் கிடக்கிறது, நீ உள்ளே எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை” என்று அந்தப் பெண் குரலை உயர்த்தாமல் சொல்கிறாள். அந்த வரியை நிறுத்தி மறுபடி கேட்டேன். தினமும் படியில் என்னைப் பார்த்து “சாயா ஆச்சோ மாமா?” என்று சிரித்துவிட்டுப் போகிற பெண் இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறாள்.

ஆறாவது பாட்டுக்கு வருகிறேன். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கங்கா கூப்பிட்டாள்: “கேட்டேளா, பாலை அணைச்சேளா?” எழுந்து ஓடினேன். அடுப்பில் பால் இல்லை. கங்கா உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “யார் கூப்பிட்டா உங்களை?” என்றாள். திரும்பி வந்து பாட்டை மறுபடி வைத்தேன். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி ஓடினேன். “இன்னிக்கு உங்களுக்கு எந்தாச்சு?” என்று கேட்டு நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். மூன்றாவது முறைதான் எனக்கு விளங்கியது: கூப்பிடுவது பாட்டுக்குள் இருக்கும் கங்கா. அதன் பிறகு அசையாமல் கேட்டேன். பாலுக்கு அடுத்து கடுகு வெடிக்கிறது. கடுகு அடங்கியதும் அந்த முனகல் ஆரம்பிக்கிறது. ஸாதனாவின் குரல் உடைந்து வரும் இடங்களில் எல்லாம் அது உடையாமல் அடியில் ஓடுகிறது. நடுவில் மிளகாய் நெடி ஏறி ஒரு தும்மல். தும்மலுக்குப் பின் விட்ட இடத்திலேயே தொடர்கிறது. கணினி தும்முமா என்று தாங்கள் நிகிலைக் கேட்க வேண்டும்.

ஆகவே வியாழக்கிழமை வரும் இதழில் கீழ்க்கண்டவாறு திருத்தம் வெளியிடக் கோருகிறேன்: “ஆறாவது பாட்டில் ஸாதனாவின் பாடலோடு சேர்ந்து பின்குரல் பாடியவர் மட்டாஞ்சேரி திருமதி கங்கா வெங்கிட்டராமன். இயந்திரம் அல்ல. தவற்றுக்கு வருந்துகிறோம்.” சின்ன எழுத்தில் போட்டாலும் போதும், அவள் கண்ணாடி போட்டுப் படித்துவிடுவாள். இது வியாழனன்று வந்தால் சனிக்கிழமைக்குள் புடவை மறுபடி வெளியே வரும் என்பது என் கணிப்பு. திருத்தம் வராவிட்டால் அவள் போக மாட்டாள், அதன் பிறகு அவளை யாரும் கேட்கப் போவதும் இல்லை.

நிகிலுக்கு என் ஆசிகள். அவர் காது நல்ல காது. குரலின் குணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு, ஆளைத்தான் தவறவிட்டார். நான் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குரலைத் தவறவிட்டவன். தங்கள் இல்லத்தார் அனைவரும் நீண்ட ஆயுளோடும், எழுத்துப்பிழை குறைந்த பக்கங்களோடும் வாழ வாழ்த்தி,

தங்கள்,
வெங்கிட்டராமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கங்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள். பல் டாக்டர் இடத்தில் சிரித்தாள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் தப்பாக்கும். நான் அவ பாட்டோட சேர்ந்து பாடலை. அந்த மெட்டு அவ மாடிக்கு வர்றதுக்கு எத்தனையோ முன்னமே எங்கிட்ட உண்டு. அவதான் என்னோட சேர்ந்து பாடியிருக்கா” என்றாள்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதக் கூடாது என்பதால் மாடி ஏறினேன். ஸாதனா கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கம்பியை விட்டுவிட்டாள். “ஆமாம் மாமா. வந்த புதுசுல நான் எழுந்திருக்கவே மாட்டேன். சோறு வேண்டாம், யாரையும் பாக்க வேண்டாம். கீழேந்து அது மட்டும் தெனம் வரும். ஒரு நாள் இன்னிக்கு எப்போ வரும்னு காத்துண்டிருந்தேன். காத்துண்டிருக்கணும்னா எழுந்து உக்காரணுமே, உக்காந்தேன். அப்பறம் அது மேல வார்த்தை வச்சேன். பத்துப் பாட்டுல எல்லாத்தையும் ஒத்துண்டுட்டேன் மாமா, இதை மட்டும் மாமிகிட்டச் சொல்ல தைரியம் வரலை” என்று சொல்லி அழுதாள்.

இறங்கி வந்து, திருத்தத்தை முழுக்க மாற்றி எழுத வேண்டும் என்றேன். கங்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். “ஒண்ணும் எழுத வேண்டாம். எழுதினா அந்தக் குட்டி பேர் கெட்டுப்போகும். மெஷின்னே இருந்துட்டுப் போகட்டும்.”

“அப்போ சனிக்கிழமை?”

“போகாம பின்னே? அந்த மெட்டுக்கு இன்னும் ரெண்டு வரி உண்டு. தெனமும் அதுக்குள்ள பருப்பு அடிப்பிடிக்கப் பாக்கும், நான் பாதியில நிறுத்திடுவேன். அவளும் அங்கேயே நிறுத்தி வச்சிருக்கா. முடிவு தெரியாம அத்தனை பேர் முன்னாடி தனியா நிக்க விடவா?”

ஆகவே திருத்தம் வேண்டாம். இந்தக் கடிதத்தையும் அச்சில் போட வேண்டாம், நிகிலிடம் மட்டும் காட்டுங்கள். சனிக்கிழமை அவரைக் கட்டாயம் வரச் சொல்லுங்கள். கங்கா இப்போது மாடியில் இருக்கிறாள். அந்த இரண்டு வரியை இருவரும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்க வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.