வானொலியில் நான் பாடிய கிறிஸ்துமஸ்

தன் குரலைத் தானே கேட்க ஆசைப்பட்டவன் உருப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கே தேய்ந்துவிட்டது. இருந்தாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் காபியோடு இதையும் கொடுக்கச் சொல்கிறாள் என் மனைவி. என்ன செய்ய?

எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில் எங்கள் கோயிலின் கிறிஸ்துமஸ் ஆராதனையைப் பதிவு செய்ய வானொலிக்காரர்கள் வந்தார்கள். வந்தது டிசம்பர் தொடக்கத்தில். (பண்டிகையன்று காலையில் ஒலிபரப்ப வேண்டுமே, முன்னாடியே பிடித்துக்கொண்டு போனால்தானே உண்டு!) மைக்கில் இரைச்சல் விழும் என்று ஃபேன்களை நிறுத்தி, ஜன்னல்களையும் சாத்தினார்கள். "இனிய இந்தக் கிறிஸ்துமஸ் காலையிலே" என்று வேர்த்து வழிய ஆரம்பித்தார் போதகர். பாடகர் குழுவில் எனக்கு ஒரு தனிப்பாட்டு. பெரிய பாடகன் என்ற நினைப்பு வேறு. ரேடியோவில் அதை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், ஜென்மம் எடுத்ததற்கு வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சித்தி முதல் சேத்தூர் மாமா வரை எல்லாருக்கும் சொல்லியாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் உறைத்தது: ஒலிபரப்பு நேரமும் ஆராதனை நேரமும் ஒன்று! சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவரவர் கோயிலில் இருப்பார்கள். டேப் ரெக்கார்டர் வைத்திருப்பவர்களும்தான். போதகரிடம் ஓடினேன்.

"ஐயா, நாளைக்கு ஆராதனையைச் செத்த தள்ளி வைக்க ஏலாதா?"

"ரேடியோவுக்காகக் கிறிஸ்துமஸைத் தள்ளி வைக்கச் சொல்லுதியா? போ தம்பி, உன் பாட்டை ஆண்டவர் கேட்டுக்கிடுவாரு."

அம்மாதான் வழி சொன்னாள். "ஏலே, டிரான்சிஸ்டரைப் பைக்குள்ள வச்சுக் கொண்டாரேன். கடைசி பெஞ்சில உக்காந்து மெதுவா வைக்கேன். உன் பாட்டு வரவும் கையைக் காட்டுதேன், ஓடியா."

கையைக் காட்டவும் செய்தாள். நான் எப்படிப் போவேன்? அதே ஆராதனை, அதே வரிசை. அந்த நிமிஷம் நான் முன்னால் நின்று அதே பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. (பக்தியில் உருகுகிறான் என்று நினைத்துக்கொண்டார்களாம்.)

அத்தோடு விட்டதா? வானொலியில் பிரசங்கத்தை வெட்டிச் சுருக்கியிருந்தார்கள். இங்கே போதகர் பெத்லகேமுக்குப் போய்ச் சேரும் முன்பே, பைக்குள் இருந்த போதகர் ஆசீர்வாதம் கூறி முடித்துவிட்டார். அம்மாவைச் சுற்றிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த பெண்கள் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்று சத்தமாகச் சொல்லி எழுந்தார்கள். எல்லாருக்கும் வீட்டில் கறி அடுப்பில் கிடக்கிற கவலை. பின்னால் இருந்தவர்கள் போகிறார்களே என்று முன்னால் இருந்தவர்களும் கிளம்ப, காணிக்கை எடுக்கும் முன்பே கோயில் காலி. போதகர் மைக்கைப் பிடித்தபடி என்னைத்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "எம்மா, ரேடியோவுல எப்படி இருந்துச்சு?"

"யாருக்குலே தெரியும்? நீ அங்கன கத்துன கத்துல ரேடியோ எங்க கேட்டுச்சு!"

அந்த ஆராதனையை வானொலியில் மறுபடி போடவே இல்லை. இன்றைக்கும் நான் குளியலறையில் வாயைத் திறந்தால் போதும், என் மகள் வந்து கதவைத் தட்டுகிறாள்.

"அப்பா, செத்த சும்மா இருங்க. நீங்க ரேடியோவுல பாடுறது கேக்க மாட்டேங்குது!"