இஸ்திரி மேசையில் விரித்த மேலங்கி

அன்புள்ள மருமகனுக்கு,

தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் இரண்டு தையல் மெஷினும் நலம். அங்கே உன் நலத்தையும், ஆறு வருடமாக என்மேல் நீ வாடாமல் வளர்த்துவரும் கோபத்தின் நலத்தையும் அறிய ஆவல்.

இது மன்னிப்புக் கடிதம் அல்ல, தொழில் சம்பந்தமான கடிதம். ஏதோ விண்வெளித் தொடரில் வரும் தளபதியின் மேலங்கி என்று சொல்லி, என் கடையிலேயே உட்கார்ந்து நீ ஒன்று தைத்தாய். அதைப் போட்டுக்கொண்டு நீ நடந்தபோது தெருவே சிரித்தது. சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தான். வேலைக்குப் போகிற வயதில் இது என்ன கூத்து என்று அதை இரண்டாக வெட்டி, லைனிங் மேலே தெரிய இஸ்திரி மேசைக்கு விரிப்பாகப் போட்டேன். நீ அன்றைக்கே கிளம்பிப் போனாய்.

போன மாதம் வங்கி மேலாளர் கோட்டு வாங்க வந்தார். அவர் சிரித்து இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. விரிப்பைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மூணாம் பாகத்துல மட்டும்தான் தளபதிக்கு லைனிங் சிவப்பு. இதைத் தைச்சது யாரு?"

என் மருமகன் என்றேன்.

"இதுமேலயா சட்டை தேய்க்கறீங்க?"

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றியபோதுகூட நான் அப்படிக் கூனிக் குறுகியதில்லை.

மறுநாள் அவர் பல் டாக்டரைக் கூட்டி வந்தார், பல் டாக்டர் தன் நோயாளிகளைக் கூட்டி வந்தார், எல்லாருக்கும் அந்தத் தொடரின் ரசிகர் கூட்டத்துக்கு மேலங்கி வேண்டுமாம், ஒரு நீதிபதியம்மா பொத்தான் காஜா எத்தனை என்று குறுக்கு விசாரணை செய்தார், எட்டு என்றேன், உங்க மருமகன் ஒன்பது வெச்சிருக்காரே என்றார், எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான், அதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் மருமகனைக் கேட்டுச் சொல்றேன் என்று சமாளிக்கப் போய், இப்போது கடைக்கே மருமகன் கடை என்று பெயர் வந்துவிட்டது. முப்பது வருஷமா நான் நடத்துற கடைடா இது. வயிறு எரியணும். எரியல. சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறேன்.

ஆகவே ஒரு நாள் வந்து, இவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனால் போதும். மற்றபடி எனக்கும் அந்த விளையாட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வெட்டியது தப்பு என்றும் நான் சொல்லவில்லை.

கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்கும் பார்வையோடு நீ நெடுங்காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

பி.கு.: வெட்டிய இடத்தை ஒட்டுத் தெரியாமல் சேர்த்துவிட்டேன். முதுகில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு மட்டும் போகவில்லை. போரில் பட்ட காயமாக இருக்கட்டும் என்கிறார் மேலாளர். நான் வெட்டினது தப்புதான்டா. வரும் ஞாயிறு கூட்டம். தளபதி வருகிறார் என்று எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. மூன்று பாகத்தையும் இரண்டு தடவை பார்த்துவிட்டதால் துணைத் தளபதி நான்தான் என்கிறேன், உன் அத்தை தான்தான் என்கிறாள். நீ வந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.