மணலில் மூன்று ஆமைகள்

"என்னங்க, இன்னைக்கும் மூணு ஆமை!"

விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்த ஜலால், மனைவி சாஜிதாவின் குரல் கேட்டு வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

மகள் ஷாயிஸ்தாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை வந்தால் தங்குவதற்கு மாடியில் ஓர் அறை கட்டலாமென்று வாசலில் மணல் கொட்டியிருந்தார். மழை பெய்த மறுநாள் அந்த மணலில் மூன்று நட்சத்திர ஆமைகள் படுத்திருந்தன. சாயங்காலமே சாக்கில் போட்டுப் போய், செம்பாக்கம் ஏரிக்கரைப் புதரில் விட்டார். விடிந்தால் மணலில் மூன்று ஆமை. அதையும் கொண்டுபோய் விட்டார். விடிந்தால் மூன்று.

"ஆமை பூந்த வூட்ல ஆளுங்க வேலை செய்ய பயப்படறானுங்க பாய்" என்று மேஸ்திரி வேறு முறுக்கினார்.

கடைசியில் ஜலால், தம் பெயின்ட் கடைக்கு வரும் விலங்கியல் பேராசிரியர் லாசரஸிடம் போய் முறையிட்டார். அவர் ஸ்கூட்டரில் பறந்து வந்தார்.

"இதுவரைக்கும் எத்தனை விட்டீங்க?"

"ஆறு நாளா, தினம் மூணு."

"பதினெட்டு!" லாசரஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "அழிஞ்சுக்கிட்டிருக்கிற இனம் பாய்! இங்க இப்படிப் பெருகுதுன்னா, இந்த மணல்ல முட்டை இருக்கணும். ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

"மணலைத் தொடாம எப்படி சார் சுவர் பூசறது?"

"மாப்பிள்ளை புரிஞ்சுப்பார்."

மத்தியானம் அவர் ஒரு வனத்துறை அதிகாரியை ஜீப்பில் அழைத்துவந்தார். மணலைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. கட்டட வேலை நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி போன் செய்தார். "ரூம் வேலை எப்படிப் போகுது?"

"ஆமை..." என்று ஆரம்பித்துவிட்டு ஜலால் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவ்வளவு மெதுவாவா?" சம்பந்தியின் குரல் மாறிவிட்டது.

"இந்த மூணையும் ஏரிக்கரையில விட்டுடுங்க. நாளைக்குப் புதுசா வர்றதை நானே படம் எடுக்கறேன்" என்று சொல்லிப் போன லாசரஸ், மறுநாள் விடியுமுன்பே காமிராவோடு ஆஜர். ஜலாலும் கொட்டாவி விட்டபடி கூடவே நின்றார்.

ஆமை வரவில்லை. எதிர்வீட்டுத் தாயாரம்மாள்தான் வந்தார். சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி, தினமும் ஏரிக்கரையில் நடப்பவர். மூச்சு வாங்க, கையிலிருந்த ஒயர் கூடையை மணல்மேல் கவிழ்த்தார். மூன்று ஆமைகள் உருண்டன.

"இன்னா பாய், ஆமை வளக்கறவரு ஒரு கூண்டு வெக்கமாட்டீங்களா? தெனம் இதுங்க மூணும் ஏரிக்கு ஓடிப்போவுது, தெனம் நானே தூக்கினு வர்றேன்!"