மச்சான் ஏறிய கணவாய்

முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது தனக்கல்ல, சைக்கிளுக்குத்தான் என்று ஆபீஸ் கண்காணிப்பாளர் அடித்துச் சொன்னார்.

"கியர் சரியில்லை. கடைக்காரன் ஏமாத்திட்டான். மலை ஏறும்னு சொல்லித்தானே என் தலையில கட்டினான்?"

"சைக்கிள் ஏறும்னுதான் சொன்னான். நீங்க ஏறுவீங்கன்னு சொல்லலையே," என்றாள் மனைவி.

அவள் வளைவோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அடிவாரத்திலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள், அவர் சைக்கிளில், அவள் நடையில். சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. அவளோ வளைவுக்கு வளைவு குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்துவிட்டாள்.

"நீ எப்ப வந்தே?"

"இப்பதாங்க. பாதிப் பழம்தான் ஆகியிருக்கு."

"இந்தக் குறுக்கு வழியெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் அண்ணன் இந்தக் கணவாய்க்கு வந்தப்ப நானும் துணைக்கு வந்தேனே. மறந்துட்டீங்களா?"

"துணைக்கா, பை தூக்கவா?"

அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த அண்ணன், அதாவது கண்காணிப்பாளரின் மச்சான், போன வருஷம் சைக்கிளில் கணவாயின் உச்சியைத் தொட்டவர். தொட்டதோடு விட்டாரா? உச்சியில் உயரம் எழுதிய கல் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் சைக்கிளோடு நின்று படம் எடுத்து, பெரிதாக்கி, மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். எப்போது போனாலும் கண்காணிப்பாளருக்கு அந்தப் படத்துக்கு நேர் எதிர் நாற்காலிதான் கிடைக்கும். "மாப்பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? ஆபீஸ் படி ஏறினாலே அவருக்கு இளைக்கும்," என்று போன மாதம் மச்சான் சொன்னதும் மாமனார் சிரித்தார். மாமியார் சிரித்தார். அதைக்கூட விட்டுவிடலாம். சர்க்கரை வாங்க வந்த எதிர் வீட்டுக்காரரும் நின்று சிரித்துவிட்டுப் போனார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்குப் பிறந்தநாள். அந்தச் சுவரில் தன் படத்தையும் மாட்டாமல் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை என்று கண்காணிப்பாளர் முடிவு கட்டியிருந்தார்.

"சுமைதான் காரணம்," என்று முதுகிலிருந்த பையை இறக்கினார். "நீ பையை வாங்கிக்கோ, நான் பறந்துடறேன்."

வாங்கியவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மழைக்கோட்டு, காற்றடிக்கும் பம்பு, ஸ்பானர், கண்ணாடி போட்ட பெரிய பிரேம்.

"இது எதுக்குங்க?"

"படத்தை மாட்ட. உங்க அண்ணன் பிரேமைவிட ஒரு சாண் பெரிசு. இதுக்கு ஏத்த மாதிரி நிக்கணும்ல?"

அடுத்த வளைவில், பையைச் சுமந்தும், அவள்தான் முதலில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் மெதுவா வரக் கூடாதா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"இங்க யாருங்க பாக்கறாங்க?"

"அந்த ஆடு பாக்குது."

உண்மையிலேயே பாறைமேல் ஓர் ஆடு நின்று, மென்றுகொண்டே அவரைப் பார்த்தது. அதன் முகத்திலும் மச்சான் சாயல் இருந்தது.

கோளாறு சீட்டில்தான் என்று அவருக்கு அப்போது புரிந்தது. சீட்டு தாழ்வாக இருப்பதால்தான் முட்டி வலிக்கிறது. ஸ்பானரை எடுத்துத் தானே உயர்த்தினார். கால் பெடலுக்கு எட்டவில்லை. இறக்கினார். இம்முறை போல்ட்டு சரியாகப் பிடிக்கவில்லை. அவர் சாலையைப் பார்த்து மிதிக்க, சீட்டு பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பியது. உட்காராமல் நின்றபடியே மிதித்தார். முட்டியோடு இப்போது இடுப்பும் சேர்ந்துகொண்டது.

பின்னால் வந்த வெங்காய லாரி ஒன்று வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"சார், ஏத்திக்கவா? மூட்டை மேல இடம் இருக்கு."

"என்னைப் பாத்தா லிஃப்ட் கேக்கற ஆள் மாதிரியா இருக்கு?"

"இல்ல சார். கேக்கக்கூடத் தெம்பில்லாத ஆள் மாதிரி இருக்கு."

லாரி போன பிறகும் வெங்காய வாசனை நெடுநேரம் அவரைக் கேலி செய்தது. இறங்கித் தள்ளினார். மேட்டில் சைக்கிளைத் தள்ளுவது, வர மறுக்கும் மாட்டை இழுப்பது போல இருந்தது. மூன்றாவது வளைவில் சைக்கிளைச் சாலையோரம் கிடத்திவிட்டுப் பக்கத்திலேயே தானும் கிடந்தார்.

மனைவி அருகில் வந்து குனிந்தாள். "திரும்பிடலாமா?"

"திரும்பறதா? உங்க அண்ணன் ஏறின மலையில நான் திரும்பறதா?" எழுந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. "இதோ பாரு, சைக்கிள் மேல போகணும். நானும் மேல போகணும். ரெண்டும் ஒரே வழியிலதான் போகணும்னு எங்க எழுதியிருக்கு?"

"புரியலைங்க."

"ஆபீஸ்ல ஃபைலை நானா தூக்கிட்டு அலையறேன்? அது ஒரு வழியா வரும், நான் ஒரு வழியா வருவேன். என் மேஜையில சந்திப்போம், கையெழுத்துப் போடுவேன். அது யார் செஞ்ச வேலை?"

"எழுதின கிளார்க் செஞ்ச வேலை."

"கையெழுத்து யாரோடதோ அவர் செஞ்ச வேலை. நீ சைக்கிளைத் தள்ளிட்டு ரோட்டோட வா. நான் குறுக்கே ஏறி வரேன். கல்லுக்கிட்ட சந்திப்போம்."

"அப்புறம் சைக்கிள்ல ஏறினேன்னு எங்க வீட்டுல பொய் சொல்வீங்களா?"

"நான் ஏன் சொல்லணும்? படத்தை மாட்டிட்டு வாயை மூடிக்குவேன். பாக்கறவங்க சொல்லிக்கட்டும்."

அவள் சைக்கிளை நிமிர்த்தினாள். பையை அவர் மடியில் வைத்தாள்.

"இது எதுக்கு என்கிட்ட?"

"சைக்கிளையும் தள்ளி, பையையும் சுமக்கணுமா? அந்த ஸ்பானரை மட்டும் எடுத்துக் குடுங்க."

"உனக்கு எதுக்கு ஸ்பானர்?"

"வழியில நாய் வந்தா?"

கொடுத்தார். "ஏறி ஓட்டிப் பாக்கறேன்னு விழுந்து வைக்காதே. சீட்டு ஆடுது. தள்ளிக்கிட்டே வா."

"சரிங்க."

ஒற்றையடிப் பாதை கொஞ்ச தூரம் பாதையாக இருந்தது. பிறகு கல்லாக இருந்தது. பிறகு முள்ளாக. இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவர் அகலமான பக்கம் போனார். அது ஆடுகள் நீர் குடிக்கும் குட்டையில் போய் முடிந்தது. அங்கே அந்த ஆடு நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்து ஏறினார். களைத்துப் போய் உட்கார்ந்தபோது பையிலிருந்த பிரேம்மீது உட்கார்ந்துவிட்டார். உடைந்தது கண்ணாடி மட்டுந்தான் என்பதே அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி.

கடைசி ஏற்றத்தை நாலு காலில் ஏறி, ஒரு புதரை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினார். எதிரே உயரம் எழுதிய கல். கல்லில் சாய்ந்தபடி அவர் சைக்கிள். பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. கடை பெஞ்சில் அவர் மனைவி.

"வாங்க. டீ சொல்லட்டுமா? நான் குடிச்சுட்டேன்."

"தள்ளிட்டு வந்தவ எனக்கு முன்னாடி எப்படி வந்தே?"

"நீங்க வழி தவறிட்டீங்க போல."

"வழியை ஒழுங்கா போட்டா நான் ஏன் தவறப் போறேன்? ஒரு பலகை உண்டா, ஒரு அம்புக்குறி உண்டா?" சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கல்லருகே விறைப்பாக நின்றார். "எடு. கல்லுல இருக்கற எழுத்து தெரியணும்."

"இலையைத் தட்டிட்டு நில்லுங்க. சைக்கிள்ல வந்தவர் தலையில இலை எப்படி வரும்?"

இலையைத் தட்டினார். அவள் போனில் படம் எடுத்துக் காட்டினாள். நன்றாகவே வந்திருந்தது. மச்சான் படத்தைவிட வயிறு கொஞ்சம் முன்னால் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் பார்க்கப் பார்க்க அவருக்கு என்னவோ போல் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்து, கடைக்கார அம்மாள் நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டார்.

"என்னங்க, பிடிக்கலையா?"

"படத்துல ஒண்ணும் குறையில்லை." குரல் இறங்கியது. "உங்க அண்ணன் வாயைத்தான் பொறுத்துக்க முடியாது. ஆனா அந்த மனுஷன் மிதிச்சே ஏறியிருக்காரு. அந்தச் சுவத்துல இதை மாட்டினா, அவர் படத்தை என்னால நிமிர்ந்து பாக்க முடியுமா?" பிறகு, யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதுபோல், கடைக்கார அம்மாளின் பக்கம் திரும்பினார். "என் மச்சான்மா. போன வருஷம் சைக்கிள்லயே இங்க வந்தாரு, இவளைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு. எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை."

மனைவி அவசரமாக எழுந்து, "கிளம்பலாங்க, வெயில் ஏறுது," என்றாள்.

கடைக்கார அம்மாள் காலி டம்ளரைக் கழுவிக்கொண்டே அவளைப் பார்த்துச் சொன்னாள்: "உன் அண்ணனும் இதே புதருக்குள்ள இருந்துதாம்மா தவழ்ந்து வந்தாரு. போன வருஷம் அவர் சைக்கிளை நீ மிதிச்சுட்டு வந்தே, இந்த வருஷம் வீட்டுக்காரர் சைக்கிளை மிதிச்சுட்டு வந்திருக்கே, அடுத்த தடவையாவது படத்துல நீ நிக்கக் கூடாதா?"