லாத்தாவின் நிக்காஹும் என் பிளக்இன்களும்

புதிதாகத் தொழில் கற்றுக்கொண்டவனை வீட்டுக் கல்யாணத்தின் பக்கத்திலேயே விடக் கூடாது. தையல் கற்றவன் மாப்பிள்ளையின் ஷெர்வானியில் கை வைப்பான். சமையல் கற்றவன் பிரியாணி தேக்சாவைத் திறந்து திறந்து பார்ப்பான். நான் அப்போதுதான் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருந்தேன். (பார்த்துக்கொள்வது என்றால் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருப்பது. தொட விடமாட்டார்கள்.)

பர்வீன் லாத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. குவைத்தில் வேலை பார்த்த வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்க் கடைசியில் போனில் சொன்னார்: "வரத்தான் முடியல. கண்ணால பாத்துட்டாப் போதும்லே எனக்கு."

ஒரு வீடியோ காலில் முடிந்திருக்க வேண்டிய காரியம். ஆனால் தெற்கே, சொந்த ஊரில் இருக்கிற உறவுக்காரர்களும் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஊர் உலகமெல்லாம் பார்க்கிற இணையதளத்தில் வீட்டுப் பெண்களின் முகம் வரக் கூடாது என்று உம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். விடுவேனா? "நானே சர்வர் போடுறேன். நம்ம ஆளுங்களுக்கு மட்டும் பாஸ்வர்டு" என்றேன். உண்மைக் காரணம் வேறு. மாப்பிள்ளை யூசுப், சான்பாடாவில் ஒரு பெரிய ஆபீஸில் இதே சர்வர் தொழிலில் சீனியர். அவரை அசத்த வேண்டும்.

தாராவி வீட்டில் பரண்மேல் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, கேமராவை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. மெஷினின் நாடியைப் பிடித்துப் பார்த்தபடியே பின்னணியில் ஓடுகிற ஒரு புரோகிராம் உண்டு. டீமன் என்போம். ஒவ்வொன்றை அளக்கவும் அதற்கு ஒவ்வொரு பிளக்இன். எல்லாப் பெயர்களும் செட்டிங் ஃபைலில் வரிசையாக இருக்கும். பெயருக்கு முன்னால் ஹாஷ் குறி இருந்தால் அந்தப் பிளக்இன் தூங்குகிறது. குறியை அழித்தால் எழுந்துகொள்ளும். வேண்டிய நாலைந்தை எழுப்புவதுதான் முறை.

ஆனால் கல்யாணப் பத்திரிகையில் ஒரு மாமியின் பெயர் விட்டுப்போய் வீட்டில் பெரிய ரகளை நடந்து முடிந்திருந்த நேரம் அது. (புரூஃப் பார்த்தவன் நான்தான்.) அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஒரு பிளக்இனைக்கூட விடாமல், கல்யாணத்தன்று காலையில், மெஷினை ஹாலில் கொண்டுவந்து வைத்த கையோடு எல்லாவற்றையும் எழுப்பிவிட்டேன். மெமரி, டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் சரி. எங்களிடம் இல்லாத யூபிஎஸ்ஸின் பேட்டரி, யாருமே அனுப்பாத மெயில்களின் வரிசை, இவற்றையும் அளக்கச் சொன்னேன். பத்து விநாடிக்கு ஒருமுறை அளந்துகொண்டிருந்ததை ஒரு விநாடிக்கு மாற்றினேன். கிராஃப்கள் துள்ளி ஓடுவதை மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி, மெஷினோடு இணைத்திருந்த என் லேப்டாப்பை மேடைப் பக்கம் திருப்பி வைத்தேன்.

மாஹிமில், தரைக்குக் கீழே இருந்த ஒரு ஹாலில் கல்யாணம். சாயங்காலத் தொழுகைக்கான அசர் பாங்குக்குள் முடித்தாக வேண்டும்; நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத்துக்கு அடுத்த நிக்காஹ் காத்திருந்தது. வாப்பா சாப்பாட்டு இடைவேளையில், கூட்டாளியின் போனில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் போனில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

"தெரியுதா வாப்பா?"

"நல்லாத் தெரியுதுலே. மாப்ள கொஞ்சம் எளச்சுட்டாப்ல."

ஊரிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பாஸ்வர்டு போட்டுப் பார்க்கச் சேர்ந்தார்கள். ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார்.

"லே ரிஸ்வானு, வட்டம் சுத்துது" என்றார் வாப்பா.

ஓடிப்போய்ப் பார்த்தேன். லேப்டாப்பில் டிஸ்க் கிராஃப் உச்சியில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. யாரோ டிஸ்க்கைப் போட்டுத் தின்கிறார்கள். யாரென்று இன்னும் கூர்ந்து பார்க்கலாமே என்று, ஒரு விநாடியை அரை விநாடி ஆக்கினேன். (என் மூளை அப்படித்தான் வேலை செய்தது.)

"இப்ப வட்டமும் நின்னுட்டு" என்றார் வாப்பா.

வாப்பாவுக்குப் பதிலாகப் பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் அவருடைய அண்ணன், என் பெரியவாப்பா. தோல் பைப் பட்டறை வைத்திருப்பவர், சொன்னால் சொன்னதுதான். கையைக் கட்டிக்கொண்டார். "எந் தம்பி பாக்காம நான் வாயத் தொறக்க மாட்டேன்."

ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "வாப்பா பாக்குறாங்களா இல்லியாலே?"

"ரெண்டே நிமிஷம் உம்மா!"

ஆளாளுக்கு வீடியோ கால் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பள்ளத்தில் பேச்சு கேட்டதே அதிசயம்; படம் எங்கே வரும்? என் மெஷினுக்கு இழுத்திருந்த வயர் ஒன்றுதான் வெளியுலகத்துக்கு வழி. அந்த வழியை நான் அடைத்து வைத்திருந்தேன்.

"ஃபோர்மேன் கூப்புடுதான்லே" என்றார் வாப்பா. "இன்னும் கொஞ்ச நேரந்தான் நிக்க முடியும். எப்படியாச்சும் பண்ணுலே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சினார். என் வாப்பா என்னிடம் கெஞ்சி அதுவரை நான் கேட்டதில்லை. அவசரமாகத் தட்டியதில் பாஸ்வர்டுகூடத் தப்பாக விழுந்தது.

மேடையிலிருந்து யூசுப் முகத்தை மறைத்த பூச்சரத்தை ஒதுக்கினார். "மச்சான், லேப்டாப்ப இங்க கொண்டா. ஜல்தி."

கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். ஹஜ்ரத் வாயைப் பிளந்து பார்த்தார்.

"எத்தன பிளக்இன் போட்ருக்க?"

"எல்லாம் மச்சான்."

"எல்லாமுமா?"

"யாரும் விட்டுப்போகக் கூடாதேன்னு..."

"அரே யார்! ஒவ்வொண்ணும் விநாடிக்கு ரெண்டு தடவ டிஸ்க்ல எழுதுது. படத்தையும் அதே டிஸ்க்லதான எழுதணும்? காய்ச்சல் பாக்குறேன்னு தூங்குறவன விடாம எழுப்பிட்டு இருக்க நீ."

பூச்சரம் கீபோர்டில் புரள, அங்கிருந்தே மெஷினுக்குள் நுழைந்து டீமனை நிறுத்தினார். ஹாலே என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டு!" என்று கத்தினார் வாப்பா. "வந்துட்டுலே, வந்துட்டு!"

பெரியவாப்பா கையை அவிழ்த்தார். ஹஜ்ரத் தொடங்கினார். பெரியவாப்பா, தம்பியின் சார்பில் பெண்ணைக் கொடுப்பதாகச் சொன்னார். ஹால் அடங்கியது. என் காதிலிருந்த போனும் அடங்கியது. வாப்பாவிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

திரும்பவும் போச்சு என்று நினைத்தேன். டீமனை நிறுத்திவிட்டதால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு கிராஃப்கூட இல்லை.

"வாப்பா, தெரியுதா?" என்று மெல்லக் கேட்டேன். பதில் இல்லை. "தெரியுதா வாப்பா?" பதில் இல்லை. கேமராவின் மைக் பக்கத்தில் இருப்பதெல்லாம் மறந்துபோய் அலறினேன்: "வாப்பா! தெரியுதா? தெரியுதான்னு சொல்லுங்க வாப்பா!"

ஹால் மொத்தமும் திரும்பியது. போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தெரியுதுலே. கத்தாத. வாப்பா அழுதுட்டு இருக்கேன்."

நானும் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். நான் அலறிய அந்த நேரத்தில் மாப்பிள்ளை சம்மதம் என்று கபூல் சொல்லி முடித்திருந்தார். பக்கத்தில் இருந்த சாட்சிகளுக்குக் கேட்டிருக்கிறது, நல்லவேளை. என் மெஷின் பதிவுசெய்தது வேறு. அதில் மச்சானின் வாய் அசைகிறது. கேட்பது என் அலறல்.

இன்றும் சான்பாடா வீட்டில் சண்டை என்றால் லாத்தா அந்த வீடியோவைத்தான் எடுப்பாள். "இவுங்க எங்க கபூல் சொன்னாங்க? எந் தம்பில்ல கத்துறான்? காட்டுங்க பாப்போம்!" குடும்பம் கூடுகிற நாட்களில், பிள்ளைகள் கைதட்ட, மச்சான் எல்லோருக்கும் நடுவில் எழுந்து நின்று திரும்ப ஒருமுறை கபூல் சொல்ல வேண்டியிருக்கிறது. வாப்பா முன்வரிசையில் நாற்காலி போட்டு, நேரில் உட்கார்ந்து பார்க்கிறார்.